‘டவுன்’ தடுமாற வைக்கும் இடங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டலிலும் படகிலும் ஓட்டோவிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் குழப்பங்களில் நீளமான சொற்களால் வருபவை குறைவு. நீளமான சொல் விளங்காவிட்டால் உடனே யாரிடமாவது கேட்டுவிடுகிறார்கள். ‘டவுன்’ (down) மாதிரிச் சின்னச் சொல்லைத்தான் யாரும் கேட்பதில்லை. கீழே என்று சின்ன வகுப்பிலேயே படித்தாயிற்று, இனி அதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். விருந்தினர் ஒன்றைச் சொல்ல, இவர்கள் வேறொன்றைச் செய்ய, இரண்டு பக்கமும் முகம் கோணுவது பெரும்பாலும் இதனால்தான்.

கீழே வருபவை அறிகுறிகள். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சோதனை.

‘டவுன்’ காதில் விழுந்ததும் அதற்கு முன்னால் வந்த வினைச்சொல்லைப் பிடியுங்கள். விழு, இறங்கு, உட்கார், குனி என்று ஆளோ பொருளோ அசைகிற வினையா? அப்படியென்றால் கீழே என்ற பொருள் பெரும்பாலும் சரி. அசைவே இல்லையென்றால் கீழே என்பதை விட்டுவிட்டு, குறைதல், நின்றுபோதல், எழுத்தில் பதிதல் என்ற மூன்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஒட்டவில்லையா? பின்னால் வரும் சிறு சொல்லைப் பாருங்கள். ‘டு’, ‘வித்’, ‘ஃபோர்’, ‘ஒன்’ எது வந்தாலும் பொருள் மாறும். முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை, அவ்வளவுதான் சோதனை.

அறிகுறி: ‘டவுன் த ரோட்’ என்கிறார்கள், ஆனால் பள்ளம் எதுவும் இல்லை

நிலாவெளி வீதி கடலோரமாகப் போகும் தட்டையான வீதி. அதில் நின்றுகொண்டு ஒருவர் ‘இட்ஸ் டவுன் த ரோட்’ என்றால் எந்தப் பக்கம் இறக்கம் என்று தேடக் கூடாது. ‘இந்த வீதியாலேயே கொஞ்சத் தூரம் போனால் வரும்’ என்பதுதான் பொருள். எந்தத் திசை என்பது அந்தச் சொல்லில் இல்லை. அவர் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அதுதான் திசை. ‘அப் த ரோட்’ என்று சொன்னாலும் தட்டையான வீதியில் அதே பொருள்தான்.

உவர்மலையில் நிலைமை வேறு. அங்கே உண்மையிலேயே மேடும் இறக்கமும் இருக்கின்றன. உவர்மலையில் நின்று ‘டவுன்’ என்றால் இறங்கிப் போகிற பக்கம் என்று எடுக்கலாம்.

நீங்கள் வழி சொல்லும்போது செய்ய வேண்டியது: ‘டவுன்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ஓர் அடையாளத்தைச் சேருங்கள். ‘கோ டவுன் திஸ் ரோட், பாஸ்ற் த கோவில், இட்ஸ் ஒன் யுவர் லெஃப்ட்’ என்றால் யாரும் தொலைந்து போக மாட்டார்கள். நாங்கள் ‘மூன்றாம் கட்டையடியில்’ (மூன்றாவது மைல்கல்லடியில்) என்று சொல்வது ஊராருக்கு விளங்கும், வெளியூராருக்கு விளங்காது. கோவில், பாலம், பெற்றோல் செட் என்று கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்லுங்கள்.

இதே அமைப்பு காலத்துக்கும் வரும். ‘டூ இயர்ஸ் டவுன் த ரோட்’ அல்லது ‘டவுன் த லைன்’ என்று ஒருவர் சொன்னால் வீதியும் இல்லை, கோடும் இல்லை. இன்னும் இரண்டு வருடம் போன பிறகு என்று அர்த்தம்.

அறிகுறி: ஒருவர் ‘டவுன் சவுத்’ என்கிறார், இன்னொருவர் அதே ஊருக்கு ‘அப்’ என்கிறார்

வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் வடக்குக்கு ‘அப்’, தெற்குக்கு ‘டவுன்’. திருகோணமலையில் நிற்கும் பயணி யாழ்ப்பாணத்துக்கு ‘அப்’ போவார், மட்டக்களப்புக்கு ‘டவுன்’ போவார். காலி, மாத்தறைப் பக்கத்தை ‘டவுன் சவுத்’ என்று கொழும்பில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இது ஒரு கணக்கு.

இன்னொரு கணக்கு உயரம். கண்டியிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ எங்கள் கடற்கரைக்கு வருபவர் ‘வீ கேம் டவுன்’ என்பார். நாங்கள் அவர்களுக்கு வடக்கே இருந்தாலும் மலையிலிருந்து இறங்கித்தானே வந்தார்கள்.

மூன்றாவது கணக்கு இங்கிலாந்துக்காரருடையது. அங்கே ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போவது ‘அப்’, லண்டனை விட்டு விலகுவது ‘டவுன்’. வடக்கே உள்ள ஊரிலிருந்து தெற்கே லண்டனுக்கு வந்தாலும் அது ‘அப்’ ரயில்தான். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் இதே மரியாதை உண்டு: படிக்கப் போவது ‘கோ அப்’, முடித்து வருவது ‘கம் டவுன்’, அங்கிருந்து விலக்கப்படுவது ‘சென்ட் டவுன்’. வயதான ஆங்கிலேய விருந்தினர் ஒருவர் ‘ஹீ வொஸ் சென்ட் டவுன்’ என்றால் யாரையோ கீழ் மாடிக்கு அனுப்பியதாக நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தை விட்டு அனுப்பப்பட்டார், அல்லது சிறைக்குப் போனார். எது என்பதைப் பேச்சின் போக்கே சொல்லிவிடும்.

மூன்று கணக்கும் ஒன்றோடொன்று மோதும்போது சண்டை வேண்டாம். ‘டவுன்’, ‘அப்’ இரண்டையும் விட்டு ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

அறிகுறி: ‘அப் அண்ட் டவுன்’ வாடகை சொன்னதும் விருந்தினர் திருதிருவென்று முழிக்கிறார்

ஓட்டோ ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வர ‘அப் அண்ட் டவுன்’ இவ்வளவு என்று நாங்கள் சொல்கிறோம். எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் இதற்குப் போய்த் திரும்புவது என்று பொருள், யாருக்கும் சந்தேகம் வராது. ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு ‘அப் அண்ட் டவுன்’ என்றால் மேலும் கீழுமாகக் குதிப்பது, அல்லது ஒரே இடத்தில் அங்குமிங்கும் நடப்பது. வழியில் மலை ஏற வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு.

திருத்தம் சுலபம்: ‘ரிட்டேர்ன்’ என்று சொல்லுங்கள். அமெரிக்கர் என்றால் ‘ரவுண்ட் ட்ரிப்’. கூடவே ‘ஐ வில் வெயிட் ஃபோர் யூ தேர்’ என்று சேர்த்துவிடுங்கள். காத்திருக்கும் நேரமும் அந்த வாடகையில் அடக்கமா என்ற கேள்விதான் பின்னால் சச்சரவாகிறது, அதை ஏறும் முன்பே தீர்த்துவிடலாம்.

அறிகுறி: ‘கெட் டவுன்’ என்றதும் விருந்தினர் பதறுகிறார்

பஸ்ஸில் இறங்குவதற்கு நாங்கள் ‘கெட் டவுன்’ என்போம். அவர்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ‘கெட் ஓஃப்’ என்பார்கள், காருக்கும் ஓட்டோவுக்கும் ‘கெட் அவுட்’ என்பார்கள். ‘கெட் டவுன்!’ என்று உரத்துச் சொன்னால் ‘தலையைக் குனி, நிலத்தோடு படு’ என்ற எச்சரிக்கை போலக் கேட்கும். ஓடும் வண்டியில் சத்தமாகச் சொன்னால் பதறத்தான் செய்வார்கள்.

எங்கள் நாட்டு ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘வீ கொட் டவுன் அ மெஷின் ஃப்ரம் ஜப்பான்’ என்று கடைக்காரர் சொல்வார். தமிழில் ‘சாமான் இறக்கியிருக்கிறோம்’ என்கிறோமே, அதே தான். கொழும்பிலிருந்து ஆளை வரவழைத்தாலும் ‘கொட் டவுன்’ என்பதுண்டு. இலங்கைக்குள் இது நல்ல ஆங்கிலம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டவரிடம் மட்டும் பொருளுக்கு ‘இம்போர்ட்டட்’ அல்லது ‘ஓர்டேர்ட்’ என்றும், ஆளுக்கு ‘ஆஸ்க்ட் ஹிம் டு கம்’ என்றும் சொல்லிப் பழகுங்கள்.

அறிகுறி: ‘இட் இஸ் இன் டவுன்’ என்று சொன்னேன், அவர் ஓட்டோ பிடித்துப் போய்விட்டார்

எல்லோரையும் பிடிக்கும் பிழை இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாப்பாட்டு அறை எங்கே என்று மாடியில் நிற்கும் விருந்தினர் கேட்கிறார். உங்கள் மனதில் ‘கீழே இருக்கிறது’ என்று ஓடுகிறது. அதை அப்படியே ‘இட் இஸ் இன் டவுன்’ என்று ஆக்குகிறீர்கள். அவர் காதில் விழுவது ‘நகரத்துக்குள் இருக்கிறது’. நகரத்தை நாங்கள் ‘ரவுன்’ (town) என்கிறோம், எழுத்திலும் பலர் அப்படியே எழுதுகிறார்கள், அதனால் எங்களுக்குள் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் முதல் மெய்யெழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். ‘டவுன்’ என்பதோடு ‘இன்’ வராது என்பது அவருக்குத் தெரியும், ஆகவே நீங்கள் நகரத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

பிழையின் வேர் என்னவென்றால், தமிழில் ‘கீழே’ ஓர் இடத்தையும் குறிக்கும், ஓர் அசைவையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘டவுன்’ பெரும்பாலும் அசைவுக்கு. இடத்துக்கு வேறு சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை:

மாடிக்குக் கீழ்த்தளம் என்றால் ‘டவுன்ஸ்டேர்ஸ்’. இதற்கு முன்னால் ‘இன்’ வேண்டாம், ‘டு’வும் வேண்டாம். ‘இட் இஸ் டவுன்ஸ்டேர்ஸ்’, ‘ப்ளீஸ் கோ டவுன்ஸ்டேர்ஸ்’ என்றால் போதும்.

ஒரு பொருளுக்கு அடியில் என்றால் ‘அண்டர்’. செருப்பு மேசைக்குக் கீழே கிடந்தால் ‘அண்டர் த டேபிள்’.

மட்டத்தில் தாழ்ந்து இருந்தால் ‘பிலோ’. உங்கள் அறைக்கு நேர் கீழே உள்ள அறை ‘த ரூம் பிலோ யுவர்ஸ்’.

பக்கத்தின் அடிப்பகுதி, படிக்கட்டின் அடி, போத்தலின் அடி என்றால் ‘அட் த பொட்டம்’. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டும்போது ‘சைன் அட் த பொட்டம்’ என்பதுதான் சரி.

‘டவுன்’ தனியாக இடத்தைக் குறிக்க வேண்டுமென்றால் பின்னால் ஒரு துணை வேண்டும்: ‘டவுன் தேர்’, ‘டவுன் ஹியர்’, ‘டவுன் பை த பீச்’.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை ‘டவுன்சைட்’. கீழ்ப்பக்கம் என்று நினைத்து ‘யுவர் ரூம் இஸ் இன் த டவுன்சைட்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் பாதகம், குறைபாடு. அறையைப் பற்றி அப்படிச் சொன்னால் அறையில் ஏதோ குறை இருப்பதாகத்தான் அவர் நினைப்பார்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், வேலை நேரத்திலேயே செய்யலாம். ‘கீழே’ என்று வாயில் வரும்போதெல்லாம் ‘எதற்குக் கீழே?’ என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலாக ஒரு பொருள் வந்தால் ‘அண்டர்’, தளம் வந்தால் ‘டவுன்ஸ்டேர்ஸ்’, ஓரம் அல்லது முடிவு வந்தால் ‘பொட்டம்’. பதிலே வராமல் ஓர் அசைவு வந்தால் அப்போது ‘டவுன்’.

அறிகுறி: ‘டேர்ன் டவுன்’ என்றார்கள், ஏசியை என்ன செய்வது என்று தெரியவில்லை

இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ‘டேர்ன் டவுன் த ஏசி’ என்பது ஆங்கிலம் பேசுபவர்களுக்கே இரண்டு விதமாக விளங்கும். ஒருவருக்கு எண்ணைக் குறை, அதாவது இன்னும் குளிராக்கு. இன்னொருவருக்கு ஏசியின் வேகத்தைக் குறை, அதாவது குளிரைக் குறை. முதலாமவருக்கு 24இலிருந்து 20க்கு வர வேண்டும், இரண்டாமவருக்கு 24இலிருந்து 27க்குப் போக வேண்டும். ஒரே வசனம், நேர் எதிரான இரண்டு வேலை.

ஆகவே ரிமோட்டைக் கையில் எடுத்ததும் ஒன்றும் அழுத்தாமல் கேளுங்கள்: ‘கூலர் ஓர் வோர்மர்?’ பதில் வந்த பிறகு எண்ணை அவருக்குக் காட்டி ‘ட்வென்டி டூ, ஓகே?’ என்று உறுதிப்படுத்துங்கள். திரையில் உள்ள எண் மொழி தெரியாதவருக்கும் விளங்கும்.

பாட்டுக்கு ‘டேர்ன் இட் டவுன்’ என்றால் சந்தேகமே இல்லை, சத்தத்தைக் குறையுங்கள். ‘கீப் இட் டவுன்’ என்றாலும் சத்தம்தான், ஆனால் அது பாட்டுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும். இரவில் பக்கத்து அறைக்காரர் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

ஆளோ வேண்டுகோளோ பின்னால் வந்தால் ‘டேர்ன் டவுன்’ என்பது மறுப்பது. ‘தே டேர்ன்ட் டவுன் மை ரிக்குவெஸ்ட்’ என்றால் கேட்டதை மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் ‘டேர்ன்டவுன் சேவிஸ்’. பெரிய ஹோட்டல்களில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் இதைக் கேட்டு, சேவை வேண்டாம் என்று மறுக்கிறார்கள் என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். சேவையை மறுப்பதல்ல, அதுவே ஒரு சேவை: பொழுது சாயும் நேரத்தில் அறைக்குப் போய், திரைச்சீலையை இழுத்துவிட்டு, கட்டிலின் மேல்விரிப்பை ஒரு மூலையில் மடித்துவைத்து, படுக்கத் தோதாக ஆக்குவது. விரிப்பை மடித்து இறக்குவதால் அந்தப் பெயர். விருந்தினர் ‘நோ டேர்ன்டவுன், தேங்க்ஸ்’ என்றால் அன்று மாலை அறைக்குப் போகத் தேவையில்லை.

அறிகுறி: பில்லைக் கொடுத்ததும் ‘பிரேக்டவுன்’ கேட்கிறார்கள்

ரிசெப்ஷனில் நிற்கும் தம்பி பில்லை நீட்டுகிறார். விருந்தினர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, ‘குட் ஐ ஹாவ் அ பிரேக்டவுன்?’ என்கிறார். தம்பி வாசலில் நிற்கும் வேனை எட்டிப் பார்க்கிறார், வண்டி பழுதோ என்று. விருந்தினர் விரலால் பில்லைத் தட்டிக் காட்டுகிறார். அவருக்கு வேண்டியது விபரம்: அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கு.

காதால் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் ‘பிரேக்’ மேல் விழும், முன்னால் ‘அ’ அல்லது ‘த’ இருக்கும். வினையாக வரும்போது ‘டவுன்’ அழுத்தமாகக் கேட்கும்: ‘த வேன் ப்ரோக் டவுன்’. பணம், பில், எண் சம்பந்தப்பட்ட பேச்சில் பெயர்ச்சொல்லாக வந்தால் கணக்கு விபரம். ஆள் சம்பந்தமாக வந்தால், ‘ஷீ ப்ரோக் டவுன்’ என்றால், தாங்க முடியாமல் அழுதுவிட்டாள்.

பில் பக்கம் வரும் இன்னொன்று ‘டவுன் பேமென்ட்’. முற்பணம். தவணையில் வண்டி எடுத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அறிகுறி: ‘ஐம் டவுன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்

காலையில் திமிங்கிலம் பார்க்கப் போவோமா என்று கேட்கிறீர்கள். இருபது வயதுப் பயணி ‘யா, ஐம் டவுன்’ என்கிறார். டாக்டரைக் கூப்பிட வேண்டாம். இளைஞர் பேச்சில் ‘ஐம் டவுன்’, ‘ஐம் டவுன் ஃபோர் தட்’ என்றால் எனக்குச் சம்மதம், நானும் வருகிறேன். ‘ஐம் அப் ஃபோர் இட்’ என்றாலும் இதே சம்மதம்தான். மேலேயும் கீழேயும் ஒரே பதிலாகிவிடும் இடம் இது.

‘ஐ ஃபீல் டவுன்’, ‘அ பிட் டவுன்’ என்றால் மனம் சோர்ந்திருக்கிறார். ‘டவுன் வித் ஃபீவர்’, ‘கேம் டவுன் வித் டெங்கி’ என்றால் நோயில் விழுந்துவிட்டார், அப்போது டாக்டர் தேவை. ஊர்வலத்தில் ‘டவுன் வித்’ என்று தொடங்கி ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரியது ஒழிக என்ற கோஷம்.

பார்த்தீர்களா, ‘ஃபோர்’ வந்தால் சம்மதம், ‘ஃபீல்’ வந்தால் கவலை, ‘வித்’ வந்து நோயின் பெயர் வந்தால் காய்ச்சல். எதுவும் வராவிட்டால் முகத்தைப் பாருங்கள்.

அறிகுறி: ‘புட் மீ டவுன்’ என்கிறார், யாரும் அவரைத் தூக்கவில்லை

‘புட் மீ டவுன் ஃபோர் டூ’ என்றால் என் பெயரில் இரண்டு பேருக்கு எழுதிக்கொள். எழுத்தில் பதிதல் என்ற பொருள் இதில் இருக்கிறது. ‘ரைட் டவுன்’, ‘நோட் டவுன்’, ‘டேக் டவுன் த நம்பர்’ எல்லாம் அதே குடும்பம்.

ஆனால் ‘புட் டவுன்’ கவனமாகக் கையாள வேண்டிய ஒன்று. நாயைப் பற்றி ‘தே ஹாட் டு புட் ஹிம் டவுன்’ என்றால் நோய் முற்றியதால் மருந்து கொடுத்து உயிரை முடித்துவிட்டார்கள். இதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள், அவர் துக்கத்தைச் சொல்கிறார். ‘சொரி டு ஹியர் தட்’ என்று சொல்லுங்கள். ஆள் ஒருவரை ‘புட் டவுன்’ பண்ணினால் நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவது.

அறிகுறி: வைஃபை, கரண்ட், மெஷின் ‘டவுன்’

வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். எப்போது சரிவரும் என்று கேட்டால் ‘இட் வில் பி பேக் அப்’ என்று பதில் சொல்லலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கணினியை ‘ஷட் டவுன்’ பண்ணலாம், ஆளிடம் ‘ஷட் அப்’ என்று சொல்லவே கூடாது. அவசரத்தில் இரண்டும் மாறி வாயில் வருவதைக் கேட்டிருக்கிறேன்.

அறிகுறி: தண்ணீருக்குள் பெருவிரலைக் காட்டினேன், சுழியோடி மேலே போய்விட்டார்

புறாத்தீவுப் பக்கம் சுழியோட அழைத்துப் போகும் பிள்ளைகள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். கரையில் பெருவிரலை உயர்த்தினால் நல்லது, தாழ்த்தினால் சரியில்லை. தண்ணீருக்குள் இந்தப் பொருள் செல்லாது. பெருவிரல் மேலே என்றால் மேலே போவோம், இத்தோடு முடிக்கிறோம். பெருவிரல் கீழே என்றால் இன்னும் கீழே இறங்குவோம். எல்லாம் சரி என்று சொல்ல, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஏதோ பிரச்சினை என்றால் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்ட வேண்டும்.

படகு புறப்படும் முன் இந்த நான்கையும் விருந்தினரைக் கொண்டே செய்யச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் காட்டி அவர் தலையாட்டினால் போதாது, அவர் கை செய்ய வேண்டும். ‘மீன் அழகா?’ என்று கேட்கப்போய்ப் பெருவிரலை உயர்த்தினால் அவர் மேலே ஏறத் தொடங்குவார். அவசரமாக மேலே ஏறுவது சுழியோடிக்கு ஆபத்து.

மேலோட்டமாக நீந்திப் பவளப்பாறை பார்ப்பவர்களுக்கு வேறொரு ‘டவுன்’ தேவை: ‘டோன்ட் புட் யுவர் ஃபீட் டவுன்’. காலை ஊன்றாதீர்கள். ஊன்றினால் பவளம் முறியும், காலும் கிழியும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பார்கள்: ‘த கோரல் இஸ் அலைவ்’.

அறிகுறி: கப்பல் ‘வென்ட் டவுன்’, சூரியன் ‘வென்ட் டவுன்’, கறியும் ‘வென்ட் டவுன்’

வழிகாட்டி வேலை செய்பவர்களுக்கு ‘கோ டவுன்’ இல்லாமல் ஒரு நாளும் போகாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. முதல் நாள் இரவு இங்கிருந்து புறப்பட்டுப் போயிருந்த ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இதைச் சொல்ல ‘த ஹேர்மிஸ் வென்ட் டவுன் ஒஃப் பட்டிக்கலோ’ என்பது இயல்பான ஆங்கிலம். கப்பலுக்கு ‘கோ டவுன்’ என்றால் மூழ்குவது. விமானத்தைச் சுட்டு வீழ்த்தினால் ‘ஷொட் டவுன்’.

சூரியன் ‘கோஸ் டவுன்’ என்றால் மறைகிறது. இதில் மொழிப் பிழை வராது, இடப் பிழை வரும். எங்கள் கடற்கரை கிழக்கே பார்த்தது, சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. ‘வெயார் டஸ் த சன் கோ டவுன்?’ என்று கேட்பவரை உப்புவெளிக் கடற்கரையில் உட்கார வைத்துவிடாதீர்கள். உள்துறைமுகப் பக்கம் அனுப்புங்கள்.

‘த க்ரப் கறி வென்ட் டவுன் வெல்’ என்றால் நண்டுக்கறி எல்லோருக்கும் பிடித்துப்போனது. சமையல்காரரிடம் போய்ச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கோணேஸ்வரக் கோவிலில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் நின்று ‘லுக் டவுன்’ என்றால் எட்டிப் பார். அதோடு ‘ஒன்’ சேர்ந்து பின்னால் மனிதர் வந்தால் பொருள் கசப்பாகிவிடும்: ‘ஹீ லுக்ஸ் டவுன் ஒன் அஸ்’, எங்களை இளக்காரமாகப் பார்க்கிறான். இடம் வந்தால் பயமில்லை, ‘த டெம்பிள் லுக்ஸ் டவுன் ஒன் த சீ’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

கோவிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மான்கள் திரியும் இடத்தில், ஆங்கிலேயர் யாராவது இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல ஒரு செய்தி. பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் குன்று. ‘ஒஃப் டூனே’, குன்றிலிருந்து, என்று சொல்லிச் சொல்லித்தான் ‘டவுன்’ ஆனது. தென் இங்கிலாந்தில் ‘சவுத் டவுன்ஸ்’ என்று ஒரு குன்றுத் தொடர் இன்றும் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பள்ளத்தாக்கு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

அறிகுறி: மருத்துவ அறிக்கையில் ‘டவுன்’

‘டவுன் சின்ட்ரோம்’ என்று எழுதியிருந்தால் அதில் கீழே என்பதும் இல்லை, குறைவு என்பதும் இல்லை. ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866இல் அந்த நிலையை விவரித்து எழுதினார், அவருடைய குடும்பப் பெயர் அது. கீழ்நிலை, தாழ்ந்த வளர்ச்சி என்றெல்லாம் இந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. பெற்றோர் ஒருவர் அப்படிக் கேட்டுவிட்டால் அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே போகும். பெயர் என்று சொல்லிக் கொடுங்கள். தமிழில் எழுதும்போதும் ‘டவுன்’ என்றே விடுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்.

அறிகுறி: ‘அப் டு யூ’வா, ‘டவுன் டு யூ’வா?

‘இட்ஸ் அப் டு யூ’ என்றால் முடிவு உங்கள் கையில், உங்கள் விருப்பம். ‘இட்ஸ் டவுன் டு யூ’ என்றால் பொறுப்பு உங்கள் மேல், அல்லது நடந்ததற்கு நீங்கள்தான் காரணம். எந்தப் படகில் போகலாம் என்று கேட்கும் விருந்தினரிடம் முதலாவதைச் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொன்னால் ஏதோ பழி போடுவதுபோல் ஆகும். நல்லதற்கும் அது வரும்: ‘த சக்செஸ் இஸ் டவுன் டு த ஸ்டாஃப்’ என்று முதலாளி சொன்னால் பாராட்டு.

அறிகுறி: பொருள் சரிதான், ஆனால் விருந்தினர் முகம் மாறிவிட்டது

‘சிட் டவுன்’ இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ரீச்சர் பிள்ளைகளிடம் சொல்வதுபோல இருக்கும். வந்தவரிடம் ‘ப்ளீஸ் ஹாவ் அ சீட்’ என்று சொல்லுங்கள். நாங்கள் ‘இருங்கோ’ என்பதில் உள்ள மரியாதை ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டி வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

கோபமாக நிற்பவரிடம் ‘காம் டவுன்’ என்று சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் ‘நீ தேவையில்லாமல் கத்துகிறாய்’ என்று கேட்கும், கோபம் ஏறும். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட். லெட் மீ செக்’ என்று சொல்லி, சொன்னபடி உடனே போய்ப் பாருங்கள்.

வண்டிக்காரரிடம் ‘ஸ்லோ டவுன்’ என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் சொன்னால் அது பயத்தில் வரும் சொல். ‘ஸ்லோ அப்’ என்று சொன்னாலும் அதே பொருள்தான், வேகத்தைக் கூட்டு என்று எடுத்துவிடாதீர்கள். இரண்டில் எது கேட்டாலும் முதலில் பிரேக்கில் காலை வையுங்கள், அர்த்தத்தைப் பிறகு யோசிக்கலாம்.